இரண்டாம் சுற்றில் போட்ட பெட்டிசம்

அந்த ட்ரையத்லன் போட்டிக்கு என்னை இழுத்துக்கொண்டு போனது உடம்பு அல்ல, அதன் விதிக்கோவை. தொண்ணூறுகளின் நடுப்பகுதி. ரொறன்ரோவின் வோபர்னில் நாங்கள் இருந்த தொடர்மாடிக்குப் பக்கத்து நீச்சல் தடாகத்தில், அறிவித்தல் பலகைக்குக் கீழே ஒரு கட்டுக் கடதாசி கிடந்தது. இருபத்தெட்டுப் பக்கம். இரண்டு கிலோமீற்றர் ஏரியில் நீந்தவேண்டும், தொண்ணூறு கிலோமீற்றர் சைக்கிள் ஓடவேண்டும், அதற்குப் பிறகு இருபத்தொரு கிலோமீற்றர் காலால் ஓடவேண்டும். எல்லாம் எட்டு மணித்தியாலத்துக்குள். இவ்வளவையும் சொல்லி முடிக்க அவர்களுக்கு ஒரு பக்கம் போதுமாக இருந்தது. மிச்சம் இருபத்தேழு பக்கமும், யார் யாரை எப்படி ஏமாற்றக்கூடும் என்பதைப் பற்றியவை.

முன்னால் போகிறவருடைய சைக்கிளின் காற்று மறைவில் ஒட்டிக்கொண்டு போகக்கூடாது. வெளியாளின் கையால் தண்ணீர் வாங்கக்கூடாது. மிதவையின் உட்பக்கத்தால் நீந்தக்கூடாது. வேறொருவரின் இலக்கத்தை அணியக்கூடாது. நான் முப்பத்திரண்டு வருடம் ஊரில் கச்சேரியில், அரசாங்க அலுவலகத்தில், இருந்தவன். மனித இயல்பை இவ்வளவு சரியாக விளங்கிக்கொண்ட ஓர் ஆவணத்தை அதற்கு முன்னர் கண்டதில்லை. வீட்டுக்குக் கொண்டுபோய் இரண்டு தரம் வாசித்தேன். மூன்றாம் தரம் வாசித்து முடித்தபோது விண்ணப்பத்தையும் நிரப்பியிருந்தேன். வயது என்ற கட்டத்தில் ஐம்பத்தெட்டு என்று எழுதினேன்.

"சலரோகத்துக்கு டொக்ரர் நடக்கச் சொன்னவர்," என்றாள் மனைவி. "சாகச் சொல்லேல்லை."

அந்த டொக்ரரிலும், அவர் கண்டுபிடித்த சீனி வருத்தத்திலும் எனக்குச் சந்தேகம்தான். அது வேறு கதை.

பயிற்சிக்கு எனக்கு ஒரு துணை இருந்தது. மன்னார்க்காரர். நாற்பது வயது, ஒரு பிளாஸ்ரிக் தொழிற்சாலையில் பின்னேர வேலை, அதுவும் சில நாளைக்கு மட்டும். முதலில் அவர் நீந்த வரவில்லை, படிவம் நிரப்ப வந்தார். அந்தக் காலத்தில் எங்கள் கட்டடத்தில் பாதிப்பேர் தங்கள் படிவங்களை என்னிடம்தான் கொண்டுவந்தார்கள். நான் சல்லி வாங்குவதில்லை. சும்மா செய்பவனுக்கு மற்றவனைச் சந்தேகிக்கும் உரிமை தானாக வந்துவிடுகிறது.

அவருடைய மனைவி கொழும்பில் ஒரு லொட்ஜில் இருந்தாள். அவளை இங்கே எடுப்பதற்கு ஸ்பொன்சர் விண்ணப்பம் போட்டு மூன்றாவது வருடம். அந்த விண்ணப்பக் கோவை முழுவதும் என் மேசையில்தான் இருந்தது. அவர் எந்த வருடம் எந்த ஊரில் எந்த வேலை செய்தார் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். ஒரு பதினான்கு மாதம் மட்டும் வெறுமையாகக் கிடந்தது. அதைக் கேட்டபோது, "அப்ப சும்மா இருந்தனான் அண்ணை," என்றார். பதினான்கு மாதம் சும்மா இருந்த தமிழன் எவனையும் நான் அறியேன். 'தொழிலின்மை' என்று எழுதினேன். எழுதியதை நான் நம்பவேண்டும் என்று எந்தப் படிவத்திலும் சொல்லப்படவில்லை.

நான் நீந்தப் போகிறேன் என்று தெரிந்ததும் அவரும் வந்தார். கடலில் வளர்ந்த மனிதர். தண்ணீருக்குள் இறங்கினால் சத்தமே வராது. நான் தண்ணீரை அடிப்பேன், அவர் அதைத் திறந்துகொண்டு போவார். எண்பது நீளம் முடிந்தது என்று கரையில் ஏறுவார். என் கணக்கில் அது எழுபத்தாறாக இருக்கும். நான் சொல்லமாட்டேன். மனதுக்குள் குறித்துவைப்பேன்.

அந்த வருடம் மாசி மாதம் அவருடைய மனைவியின் கடிதம் ஒன்று வந்தது. என்னிடம் வாசிக்கத் தந்தார். ரொறன்ரோவில் இருந்து யாரோ ஒரு புண்ணியவான் அவளுக்கு மொட்டைக் கடிதம் போட்டிருக்கிறான். உன் புருஷன் வேலையில்லாத பின்னேரங்களில் ஒரு பையோடு வெளிக்கிடுகிறான், மூன்று மணித்தியாலம் கழித்துத் தோய்ந்த தலையோடு திரும்பி வருகிறான், விசாரித்துக்கொள் என்று. அவள் விசாரித்திருந்தாள். "நீந்துறன் எண்டு எழுதிறியள். மூண்டு மணித்தியாலம் குளிக்கிற ஆம்பிளையை நான் கண்டதில்லை. எனக்கு விளங்குமட்டும் நான் மெடிக்கலுக்குப் போகமாட்டன்." குடிவரவுக்கான மருத்துவப் பரிசோதனைக்கு அவளுக்குக் கொடுத்திருந்த தவணை அந்த வருட முடிவோடு காலாவதியாகும். அது போனால் கோவை மூடப்படும். மூடிய கோவையைத் திறப்பது எவ்வளவு பாடு என்று எனக்குத் தெரியும்.

"போட்டோ அனுப்பட்டோ அண்ணை? நீச்சல் உடுப்போட?"

"போட்டோ சாட்சியில்லை, தம்பி. ஏரிக்கரையில ஆரும் நனைஞ்சுகொண்டு நிக்கலாம்."

"அப்ப?"

"போட்டியை முடிச்சா ஒரு சேட்டிபிக்கற் தருவினம். பேர், இலக்கம், நேரம், கையெழுத்து. அமைப்பாளர் குடுக்கிற பத்திரம். அதை அனுப்பும். உம்மட மனுசி என்ன, கோட்டில நீதவானே ஏற்பார்."

அந்த ஆலோசனையைச் சொன்னவன் நான். எட்டு மணித்தியாலத்துக்குள் முடிப்பவர்களுக்கு மட்டுமே அந்தப் பத்திரம் என்பதையும் விதிக்கோவையில் காட்டினேன். அவர் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டார். ஆனால் மாடிப்படியால் அவர் இறங்கிப் போவதைப் பார்த்தபோது, அந்த மொட்டைக் கடிதத்தில் ஏதும் உண்மை இருக்குமோ என்றும் எனக்குள் ஓடாமல் இல்லை. பையோடு போகிறவர் எல்லாப் பின்னேரமும் என்னோடுதான் நீந்தினார் என்று நான் சத்தியம் செய்யமுடியாது. எனக்குக் கிழமையில் மூன்று நாள்தான்.

போட்டி ஆடி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஸ்காபரோ மலைச்சரிவுக்குக் கீழே ஏரிக்கரையில். விடியப்புறம் ஐந்தரைக்கே போய்விட்டோம். மனைவி பிளாஸ்க், துவாய், மடக்குக் கதிரை எல்லாம் கட்டிக்கொண்டு வந்தாள். வெளியாளின் கையால் ஒன்றும் வாங்கமாட்டேன், கயிற்றுக்கு இந்தப் பக்கம் வரக்கூடாது, பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்கமாட்டேன் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தேன்.

"பேர் சொல்லி எப்ப உங்களைக் கூப்பிட்டனான்?" என்றாள் அவள்.

சைக்கிள் பரிசோதனைக்கு வரிசை. இலக்கம் எழுத வரிசை. ஒரு பெட்டை தடித்த பேனையால் என் புயத்திலும் கெண்டைக்காலிலும் இலக்கம் எழுதினாள். உடம்பில் இலக்கம் எழுதும் எந்த ஏற்பாட்டையும் நாங்கள் சும்மா பார்த்துக்கொண்டு நிற்பதில்லை. ஏன், எதற்கு, எப்போது அழியும் என்று கேட்டேன். சோப் போட்டால் போகும் என்றாள். மூன்று நாள் போகவில்லை.

ஏழு மணிக்கு வெடி. ஏரித் தண்ணீர் என்னை ஏற்றுக்கொள்வதாகத் தெரியவில்லை. வாடகைக்கு எடுத்த றப்பர் உடுப்பின் கழுத்து என் தொண்டையைப் பிடித்தது. யாரோ என் காலைப் பிடித்தார்கள், யாரோ முகத்தில் உதைத்தார்கள். தற்செயல் என்று சொல்வார்கள். ஒரே மனிதனின் குதிக்கால் நான்காம் தரமும் மூக்கில் படும்போது அது தற்செயல் அல்ல. மிதவையின் உட்பக்கத்தால் இரண்டு பேர் போனதைக் கண்டேன். தொப்பியின் நிறத்தைப் பார்த்துவைத்தேன். கரைக்கு வந்தபோது நூற்று நாற்பது பேரில் எனக்குப் பின்னால் பதினொரு பேர். மன்னார்க்காரர் எப்போதோ சைக்கிளில் ஏறிப் போய்விட்டிருந்தார்.

சைக்கிளில் நான் பழுதில்லை. கச்சேரிக்கு முப்பத்திரண்டு வருடம் அதில்தான் போய்வந்தேன். மோர்னிங்சைட் பக்கத்து ஏற்றம் ஏறி, ஸ்டீல்ஸ் வீதியைக் கடந்து, மில்லிக்கனின் ஓரத்தைத் தொட்டுவிட்டு, அதற்கு வடக்கே சோளத் தோட்டங்களுக்குள் போகும் பாதை. மில்லிக்கன் சந்தியில் எங்களுக்காக வாகனங்களை மறித்து வைத்திருந்தார்கள். ஒரு வானுக்குள் இருந்து எங்கள் ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். "அங்க பார், எங்கட ஆள் போலக் கிடக்கு!" "விசரே? எங்கட ஆள் ஏன் உப்பிடித் திரியுது? கயானாக்காரனா இருக்கும்." நான் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் தமிழில் ஏதாவது சொல்லியிருப்பேன், எங்கள் நிறத்திலேயே இருக்கும் கயானாக்காரன் என்ற பாதுகாப்பும் போயிருக்கும்.

எனக்குப் பின்னால் ஒருவன் என் காற்றைத் திருடிக்கொண்டு நான்கு கிலோமீற்றர் வந்தான். நான் வேகத்தைக் குறைத்தேன், அவனும் குறைத்தான். கூட்டினேன், கூட்டினான். கடைசியில் நான் நின்றுவிட்டேன். அவன் "ஆர் யூ ஓக்கே?" என்று கேட்டுக்கொண்டு கடந்துபோனான். இலக்கத்தைப் பாடமாக்கினேன்.

ஐம்பதாவது கிலோமீற்றருக்குக் கொஞ்சம் பிந்தி, சோளக்காணி ஒன்றின் ஓரத்தில் மன்னார்க்காரர் சைக்கிளைத் தலைகீழாக வைத்து ரியூபை இழுத்துக்கொண்டிருந்தார்.

"பஞ்சர் அண்ணை! இது ரெண்டாவது! நீங்கள் போங்கோ!"

போனேன். இரண்டு பஞ்சர் என்பது அதிகம்தான் என்று நினைத்துக்கொண்டு போனேன்.

ஓட்டம் ஏரிக்கரைப் பூங்காவுக்குள். மூன்று சுற்று, ஒவ்வொன்றும் ஏழு கிலோமீற்றர். போன பாதையாலேயே திரும்பி வரவேண்டும் என்பதால், முன்னால் போகிறவர்களையும் பின்னால் வருகிறவர்களையும் நேருக்கு நேர் காணலாம். யார் எத்தனை சுற்று ஓடினார் என்பதற்கு அந்தக் காலத்தில் மின்னணுச் சாமான் ஒன்றும் இல்லை. முதல் சுற்று முடிந்ததும், சுற்றுகளைக் கணக்கு வைக்கும் மேசையில், மணிக்கட்டில் ஒரு சிவப்புக் கம்பளி நூல் கட்டுவார்கள். இரண்டாவது முடிந்ததும் ஒரு மஞ்சள் நூல். இரண்டும் இருந்தால்தான் மூன்றாம் சுற்று ஓடிவந்து முடிவுக் கோட்டுக்குள் நுழையலாம். பகல் ஒன்றேமுக்காலுக்குள் மஞ்சள் நூல் வாங்காதவர் அதோடு சரி. சாமானைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். நல்ல ஏற்பாடு. ஆனால் நூலில் இலக்கம் இல்லை, கையெழுத்து இல்லை. ஒரு நூலை உருவி வைத்திருந்தால் யார் கண்டது என்று முதல் சுற்றிலேயே யோசித்தேன்.

இரண்டாம் சுற்றில் நான் திரும்பி வந்துகொண்டிருந்தபோது எதிரே மன்னார்க்காரர் வந்தார். இடது முழங்கால் நொண்டிக்கொண்டு, இரண்டாம் சுற்றின் திருப்பத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார். என் கையில் ஒரே ஒரு சிவப்பு நூல். அவருடைய வலது மணிக்கட்டில் சிவப்பு நூல் இருந்தது. அதற்கு மேலே ஒரு மஞ்சள் நூலும் இருந்தது.

என் கண்ணாடியில் வியர்வை உப்புப் படிந்திருந்தது உண்மை. ஆனால் நிறம் தெரியாமல் போகவில்லை. அதைவிட, என்னைக் கண்டதும் அவர் செய்த காரியம் தெரியாமல் போகவில்லை. அந்தக் கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்தார். ஒளித்துக்கொண்டு, "எப்படி அண்ணை கால்?" என்று கேட்டார்.

"கால் இருக்கு," என்றேன்.

அந்த மேசைக்கு இன்னும் மூன்று கிலோமீற்றர். அந்தத் தூரம் முழுவதும் நான் ஓடவில்லை, விசாரணை நடத்தினேன். எழுபத்தாறு நீளம். பதினான்கு மாதம். இரண்டு பஞ்சர். எல்லாம் ஒன்றோடொன்று வந்து பொருந்தின. சான்றிதழ் அவருக்கு எவ்வளவு தேவை என்பது எனக்குத்தானே தெரியும். கள்ளமாக எடுத்த பத்திரத்தைக் காட்டி ஒரு பெண்ணை வரவழைக்கப் போகிறார், அந்தப் பத்திரத்தை அனுப்பச் சொன்னவனும் நான். என் பெயர் இதில் இழுபடக்கூடாது.

மேசைக்கு ஒன்றரை மணிக்கு வந்தேன். அங்கே பொறுப்பாக இருந்தவர் சிவப்புத் தொப்பி போட்ட ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி. பள்ளிக்கூட அதிபராக இருந்து இளைப்பாறியவர் என்று பார்த்த உடனே சொல்லலாம். எனக்கு மஞ்சள் நூலைக் கட்டிக்கொண்டிருந்தபோது, நல்ல ஆங்கிலத்தில் ஒரு விடயத்தைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன் என்றேன். இன்ன இலக்கக்காரருடைய கையில் காலத்துக்கு முந்திய மஞ்சள் நூல் ஒன்று காணப்படுகிறது.

"முறைப்பாடு செய்கிறீர்களா?" என்றார்.

"இல்லை. கவனத்துக்குக் கொண்டுவருகிறேன்."

"உங்கள் இலக்கத்தைக் குறித்துக்கொள்ளட்டுமா?"

"அவசியமில்லை," என்றேன்.

கச்சேரியில் எனக்கு வந்த மொட்டைப் பெட்டிசங்களின் தொகை கொஞ்சநஞ்சமல்ல. யாழ்ப்பாணத்தான் கோபம் வந்தால் கத்தியை எடுக்கமாட்டான், பேனையை எடுப்பான். கையெழுத்தில்லாத பெட்டிசத்தில் நடவடிக்கை எடுக்கவேண்டாம் என்று குறிப்பெழுதிக் கோவைப்படுத்துவதே என் வழக்கம். எழுதியவனை மனதுக்குள் நாயே என்றும் சொல்லியிருக்கிறேன். அந்த அம்மாளுக்கு அப்படி ஒரு வழக்கம் இருக்கவில்லை. நான் சொன்ன இலக்கத்தை ஒரு துண்டில் எழுதி முன்னால் வைத்துக்கொண்டார்.

இரண்டு அடி வைத்ததும் என் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. கல்லுப்போல. மேசைக்குப் பக்கத்துப் புல்லில் இருந்துவிட்டேன். கயிற்றுக்கு அந்தப் பக்கம் மனைவி கதிரையை விட்டு எழும்பினாள். "தேய்ச்சு விடட்டே?" "விதி இல்லை. அங்கையே நில்லும்." நானே தேய்த்தேன். அதனால்தான் போட்ட பெட்டிசம் வேலை செய்வதைப் பக்கத்தில் இருந்து பார்க்கும் வாய்ப்பு, வாழ்க்கையில் முதல் தடவையாக, எனக்குக் கிடைத்தது.

ஒன்று முப்பத்தொன்பதுக்கு மன்னார்க்காரர் வந்தார். வாசல் மூட ஆறு நிமிடம் இருந்தது. சிரித்துக்கொண்டு கையை நீட்டினார். தொப்பிக்கார அம்மாள் அந்தக் கையைப் பிடித்தார், விடவில்லை.

"இது எங்கே கிடைத்தது?"

அவருடைய ஆங்கிலம் தொழிற்சாலை ஆங்கிலம். "லேடி கேவ்," என்றார்.

"எந்த லேடி? எங்கள் ஆளா?"

அவர் மற்றக் கையால் முழங்காலைப் பிடித்தார்.

"யார் என்று காட்டுங்கள்."

அவர் நிலத்தைப் பார்த்தார். அந்தப் பக்கம் முழுக்கப் பெண்கள். தண்ணீர் கொடுப்பவர்கள், நூல் கட்டுபவர்கள், வாழைப்பழம் உரிப்பவர்கள். ஒரு விரலை எந்தப் பக்கம் நீட்டினாலும் அவரை விட்டிருப்பார்கள். நீட்டவில்லை. எங்கள் நாட்டில் ஆமிக்காரர் சந்திக்குச் சந்தி ஆட்களை வரிசையில் விட்டு, தலையில் சாக்குப் போட்ட ஒருவனை முன்னால் இருத்துவார்கள். அவன் தலையாட்டினால் ஆள் போனான். அதைக் கண்டுவந்தவர்களில் சிலர் அதற்குப் பிறகு யாரையும் எதற்காகவும் சுட்டிக் காட்டுவதில்லை. அவர் அந்த வகை என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது. அந்த நேரம் விளங்கியது ஒன்றுதான்: கள்ளன் அகப்பட்டான்.

தலைமை மத்தியஸ்தரைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். அவர் வரும்வரை போட்டியாளரை நிறுத்திவைக்கலாம் என்று விதியிருக்கிறது; பத்தொன்பதாம் பக்கம். மன்னார்க்காரர் ஒரு காலில் பாரத்தைப் போட்டு நின்றார். மேசை மணிக்கூடு அவருக்கு நேரே இருந்தது. நாற்பத்தொன்று. நாற்பத்து மூன்று. அவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஏன் அந்தப் பொடியனை மறிச்சு வைச்சிருக்கினம்?" என்றாள் மனைவி, கயிற்றுக்கு மேலால் எட்டி.

"கள்ள நூல். ஒரு சுற்றை விழுங்கப் பாத்தவர். நான்தான் கண்டு சொன்னனான்."

"என்ன நூல்?"

"மஞ்சள் நூல். கையில கட்டிக்கொண்டு, என்னைக் கண்டவுடன ஒளிக்கிறார்."

அவள் நெற்றியில் அடித்த சத்தத்துக்கு வாழைப்பழம் உரித்துக்கொண்டிருந்த பெட்டை திரும்பிப் பார்த்தாள்.

"ஐயோ, உது நான் கட்டின நூல்!"

"நீரோ?"

"வெள்ளிக்கிழமை பிள்ளையார் கோயில்ல உங்கட பேருக்கு அர்ச்சனை செய்து வாங்கினது. உங்களிட்டத் தந்தா ஒரு மணித்தியாலம் லெக்சர் அடிப்பியள். காலமை நீங்கள் இலக்கம் எழுதப் போன நேரம் அந்தப் பொடியன் ஊசி கேட்டு வந்தது. நூல் வீணாப் போகக்கூடாதெண்டு அதுக்குக் கட்டி விட்டனான்."

"அவர் வேதக்காரர்!"

"எனக்குத் தெரியாதே? கேட்டுத்தான் கட்டினனான். 'கட்டுங்கோ அக்கா, தண்ணிக்குள்ள எல்லாச் சாமியும் ஒண்டுதான்' எண்டுது. 'அவருக்குக் காட்டிப்போடாதையும், கதைச்சே கொண்டுபோடுவார்' எண்டும் சொன்னனான்."

கத்தோலிக்கன் ஒருவனின் கையில் பிள்ளையார் கோயில் நூல் இருக்கும் என்று ஊகிக்க என் முப்பத்திரண்டு வருட அனுபவம் போதவில்லை. மேசை மணிக்கூட்டில் ஒன்று நாற்பத்தாறு. வாசல் மூடிவிட்டது.

"போய்ச் சொல்லுங்கோ."

"நீர் கட்டினது. நீர் சொல்லும்."

"எனக்கு உந்த இங்கிலிசு வராது. உங்களிட்டத்தானே பெட்டிசம் எழுதுற இங்கிலிசு இருக்கு."

இவ்வளவுக்குப் பிறகும் நான் உடனே எழும்பவில்லை என்பதை எழுதத்தான் வேண்டும். கால் பிடித்திருந்தது, ஆனால் கால் மட்டும் காரணமில்லை. எழும்பினால் அந்தத் துண்டுக்குப் பின்னால் இருந்தவன் யார் என்று தெரிந்துவிடும். மத்தியஸ்தர் வருவார், இரண்டு நூலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார், ஒன்று கம்பளி மற்றது பருத்தி என்று தானாகக் கண்டுபிடிப்பார், ஆளை விடுவார். இந்த நம்பிக்கையோடு ஆறு நிமிடம் இருந்தேன். மத்தியஸ்தர் சைக்கிளில் வந்தார், பார்த்தார், கண்டும் பிடித்தார். "இது எங்களுடைய நூல் அல்ல," என்றார். தொப்பிக்கார அம்மாள் மன்னிப்புக் கேட்டார். ஆனால் வாசல் மூடும் நேரம் கடந்துவிட்டதே, மிகவும் வருந்துகிறோம் என்றார்கள் இருவரும். மன்னார்க்காரர் தலையை ஆட்டினார். சண்டை பிடிக்கவில்லை. நெஞ்சில் இருந்த இலக்கத்தின் ஊசிகளை ஒவ்வொன்றாகக் கழற்றத் தொடங்கினார்.

அப்போதுதான் எழும்பினேன். நொண்டிக்கொண்டு போய், இருபத்திரண்டாம் பக்கத்தைச் சொன்னேன். அலுவலரின் தவறான நடவடிக்கையால் இழந்த நேரத்தைத் தலைமை மத்தியஸ்தர் போட்டியாளருக்குத் திருப்பி வழங்கலாம். மத்தியஸ்தருக்கு அந்த விதி தெரியாது, வாங்கி வாசித்தார். வாசித்துவிட்டு, தவறு எங்களுடையது அல்லவே, வந்த தகவலின் மேல்தானே நிறுத்தினோம் என்றார். தகவல் தந்தவர் தன் இலக்கத்தோடு எழுத்தில் அதை மீளப் பெற்றால் வழி உண்டு. யார் தகவல் தந்தது?

தொப்பிக்கார அம்மாள் என்னைப் பார்த்தார். நாகரிகமான மனுஷி, பேனையை மட்டும் என் பக்கம் நீட்டினார்.

பேனையை வாங்கினேன். மூன்று வசனம். என் வாழ்க்கையில் நான் எழுதிய ஆகச் சுருக்கமான ஆவணம் அதுதான். இலக்கத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மன்னார்க்காரர் மேசையில் கிடந்த கடதாசியைப் பார்த்தார். அதில் இருந்த இலக்கத்தைப் பார்த்தார். பிறகு என் நெஞ்சில் இருந்த இலக்கத்தைப் பார்த்தார். நானும் அப்படித்தான் ஆவணங்களை ஒப்பிடுவேன்.

அவர் ஊசிகளைத் திரும்பக் குத்தினார். பத்தொன்பது நிமிடம் வரவு என்று எழுதி, கம்பளி நூலைக் கட்டி, ஒன்று ஐம்பத்தெட்டுக்கு அவரை விட்டார்கள். இரண்டு நிமிடம் பிந்தி நானும் வெளிக்கிட்டேன். மூன்று மணிக்குள் நான் முடிக்கவேண்டும்.

இரண்டாவது கிலோமீற்றரில் அவரை எட்டினேன். முழங்காலைக் கையால் பிடித்துக்கொண்டு நடந்து, பிறகு ஓடி, பிறகு நடந்துகொண்டிருந்தார். பக்கத்தில் கொஞ்சம் போனேன்.

"தம்பி, நான் நினைச்சன்..."

"போங்கோ அண்ணை. உங்களுக்கு நேரம் காணாது. எனக்குப் பத்தொன்பது நிமிஷம் கிடக்கு."

சொல்லிவிட்டு அவர் பாதையின் ஓரத்துக்கு ஒதுங்கினார். போனேன்.

நான் ஏழு மணித்தியாலம் ஐம்பத்தாறு நிமிடத்தில் முடித்தேன். கழுத்தில் ஏதோ போட்டார்கள், கையில் ஆரஞ்சுத் துண்டு வைத்தார்கள். மூன்று மணிக்கு முடிவுக் கோட்டு வளைவின் காற்றை இறக்கத் தொடங்கினார்கள். மனைவி ஓடிப்போய் ஒரு கையால் அந்த வளைவைப் பிடித்துக்கொண்டு, "நோ, நோ, வன் மான் கமிங்!" என்று கத்தினாள். இங்கிலிசு வராது என்று சொன்னவள்தான். மூன்று ஏழுக்கு, பாதி சரிந்த வளைவுக்குக் கீழால் குனிந்துகொண்டு அவர் உள்ளே வந்தார். அவள் அவருடைய தலையைத் துவாயால் துடைத்துவிட்டாள். எனக்குத் துவாய் தரவில்லை.

சான்றிதழ்கள் இரண்டு கிழமையில் தபாலில் வந்தன. என்னுடையதில் ஓர் அடித்தல் திருத்தல் இல்லை. அவருடையதில், எட்டு மணித்தியாலம் ஏழு நிமிடம் என்று அச்சில் வந்ததைக் கோடு கிழித்து, மேலே ஏழு நாற்பத்தெட்டு என்று கையால் எழுதி, பக்கத்தில் யாரோ சின்னக் கையெழுத்து வைத்திருந்தார்கள். விதிப்படி சரியான திருத்தம். சான்றிதழோடு வந்த முடிவுப் பட்டியலில் அவர் எனக்கு மேலே. ஆனால் பத்திரத்தைப் பார்த்த உடனே எனக்கு விளங்கிவிட்டது, ஆவணம் கெட்டுப்போயிற்று என்று. முத்திரையில்லாத திருத்தம், அதுவும் நேரத்தில். ஏற்கெனவே சந்தேகப்படுகிற ஒரு பெண்ணுக்கு இதை அனுப்புவதைவிட ஒன்றையும் அனுப்பாமல் விடலாம்.

அவர் அதை என் மேசையில் வைத்துவிட்டு நின்றார். "இதை என்ன செய்யிறது?" என்று மட்டும் கேட்டார். அண்ணை என்று சொல்லவில்லை.

"விளக்கக் கடிதம் ஒண்டு சேத்து அனுப்பவேணும்."

"ஆர் எழுதுறது?"

இரவு முழுக்க இருந்து எழுதினேன் என்று சொன்னால் நன்றாக இருக்கும். உண்மையில் அரை மணித்தியாலம்தான் எடுத்தது. அவளை எனக்கு முன்பின் தெரியாது. உங்கள் கணவர் கள்ளம் செய்கிறார் என்று நான் நினைத்தேன், போட்டி நடுவில் அலுவலரிடம் சொல்லிக்கொடுத்தேன், அவர்கள் மறித்தார்கள், அவருடைய கையில் இருந்தது என் மனைவி கட்டிய நூல், அவர் யாரையும் காட்டிக் கொடுக்கவில்லை, திருத்தம் அதனால் வந்தது. கடிதத்தில் என் முழுப்பெயரும் விலாசமும் பழைய பதவியும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவர் வாசிக்கவில்லை. ஒட்டி அனுப்பினார்.

பதில் வர ஐந்து கிழமை. அந்த ஐந்து கிழமையும் தடாகத்தில் அவரைக் காணவில்லை. வேலை மாறியிருக்கும் என்றேன். "ஓம், இருக்கும்," என்றாள் மனைவி, பத்திரிகையில் இருந்து தலையை எடுக்காமல்.

ஒரு சனிக்கிழமை பகல் வந்தார். கடிதத்தில் ஒரு பந்தியை எனக்கு நின்றபடியே வாசித்துக் காட்டினார்.

"உந்தக் கடிதம் எழுதினவர் உங்களைப் பிடிச்சுக் குடுத்தவர் எண்டால், நீங்கள் அந்த நேரம் அங்க நிண்டது உண்மைதான். உங்களுக்கு வேண்டின ஆள் எழுதியிருந்தா நம்பியிருக்கமாட்டன். வாற புதன் மெடிக்கலுக்குப் போறன்."

அவளை ஒரு முறை சந்திக்கவேண்டும் என்று எனக்குத் தோன்றியது. சாட்சியத்தை எப்படி நிறுக்கவேண்டும் என்று தெரிந்த மனுஷி.

"கொஞ்சம் இரும், தம்பி. ரீ போடச் சொல்லுறன்."

"இல்லை, வேலைக்குப் போகவேணும். என்ர பைலைத் தாங்கோ அண்ணை. மில்லிக்கன் பிளாசாவில ஒருத்தர் உது செய்யிறார். மிச்சத்தை அவரிட்டக் குடுப்பம் எண்டு இருக்கிறன்."

"அவர் சல்லி வாங்குவார். ஒரு படிவத்துக்கு அறுபது டொலர்."

"தெரியும். சல்லி வாங்குறவர் என்னைப் பற்றி யோசிக்கமாட்டார்."

கோவையை எடுத்துக் கொடுத்தேன். பக்கங்களுக்கு இலக்கமிட்டு, மேலே அட்டவணை வைத்து, எல்லாம் ஒழுங்காகவே இருந்தது. அதை அவர் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, உள்ளே பார்த்து, "அக்கா, போட்டு வாறன்," என்றார். மனைவி குசினியில் இருந்து வந்து அவரை வாசல்வரை கொண்டுபோய் விட்டாள்.